பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

மூட்டுவலி, மூச்சிரைப்பு, சர்க்கரை. இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குப் பெயரில்லாத மூலிகைப் பொடியைச் சாப்பிட்டுவிட்டு எங்கள் கல்லூரி மருந்தியல் ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். முதல் வாரமே வலி பறந்தது, பசி எடுத்தது. சில மாதத்தில் முகம் உப்பி வட்டமானது, காலில் நீர் கோத்தது, இல்லாத சர்க்கரை வந்தது. “பொடி எங்கே?” என்று கேட்டால், “பயத்துல தூக்கிப் போட்டுட்டோம் சார்” என்கிறார்கள்.

போனது இருந்த ஒரே சாட்சி.

முதல் வாரமே அதிசயம் நடந்தால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் டெக்சாமெதாசோன், பீட்டாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளை இடித்துக் கலப்பது பழைய மோசடி. சர்க்கரை நோய்க்கான பொடியில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை இருக்கலாம். கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. ஒரு சிட்டிகைப் பொடியை மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, சிலிக்கா பூசிய தகட்டில் ஒரு பொட்டு வைப்போம். பக்கத்திலேயே அசல் டெக்சாமெதாசோன் கரைசலில் இன்னொரு பொட்டு. கரைப்பான் தகட்டில் ஏறி முடிந்ததும் புற ஊதா விளக்கின் கீழ் பார்த்தால், கலப்படம் இருந்தால் இரண்டும் ஒரே உயரத்தில் கருத்து நிற்கும். இது சந்தேகத்தை வலுப்படுத்தும். உறுதி செய்ய இன்னும் நுட்பமான கருவிகள் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று தெரிந்ததும் பொடியைச் சட்டென நிறுத்திவிடாதீர்கள். பல வாரம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்து கிடக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு அன்றைக்கே பொது மருத்துவரிடம் போங்கள். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை அவர் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கூடாது.

கலப்படமே இல்லாத மூலிகை என்றால் பயமில்லையா? ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டும் நம் வேலியோரச் செடிகள். இரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட 100க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இதே இனத்துச் செடி தவறிப்போய்ச் சேர்ந்ததுதான் காரணம். பலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இப்படிப்பட்ட நஞ்சு மெதுவாக வேலை செய்யும். நாங்களோ எலிக்கு ஒரே வேளை சாறு கொடுத்து 14 நாள் பார்க்கிறோம். எலி சாகவில்லை என்றால் ‘பாதுகாப்பானது’ என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறோம். அதைப் படித்துவிட்டு மாதக்கணக்கில் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ‘புற்றுச் செல்லைக் கொன்றது’ என்ற செய்தியும் இதே ரகம்தான். கண்ணாடித் தட்டில் கிடக்கும் செல்லைக் கல் உப்பும் கொல்லும்.

மூலிகை மற்ற மருந்தோடு மோதுவதும் உண்டு. அதிமதுரத்தைத் தினமும் தின்றால் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். நீர் பிரிய வைக்கும் மாத்திரையோ இதயத்துக்கான டைகாக்சினோ சாப்பிடுகிறவருக்கு இது இரட்டை ஆபத்து. சர்க்கரை மாத்திரையோடு பாகற்சாறும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். அதனால் மருத்துவர் ‘வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்கும்போது கஷாயத்தையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். உரிமம் பெற்ற சித்த மருந்தில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், சேர்க்கைப் பொருள்கள், காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். 14 இலக்க உணவு உரிம எண் மட்டும் இருந்தால் அது உணவுப் பொருள். நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்க முடியாது. வைத்தியர் தன்னிடம் வரும் நோயாளிக்காகத் தானே தயாரித்துத் தர சட்டத்தில் இடம் உண்டு. அப்படியானால் அவர் பதிவு எண்ணோடு, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரின் பொடி வேண்டாம்.

கெடுதல் நடந்துவிட்டால் தனியார் ஆய்வகத்துக்குப் பணம் கட்டி ஓடாதீர்கள். எங்கள் கல்லூரி அறிக்கைகூட மருத்துவருக்கு உதவுமே தவிர, வழக்கில் அரசுப் பகுப்பாய்வாளர் அறிக்கைக்கு உள்ள இடம் அதற்கு இல்லை. அந்த அறிக்கை வேண்டுமானால் மருந்து ஆய்வாளர் கடையிலிருந்து முறைப்படி மாதிரி எடுக்க வேண்டும். ஆகவே முதலில் புகார். சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறைக்கு எழுதுங்கள். அதே கடிதத்தைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநருக்கும் அனுப்பி, இருவருக்கும் அனுப்பியதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் ‘சித்த மருந்து, எங்களுடையதல்ல’ என்று இவரும், ‘கலந்தது ஆங்கில மருந்து, எங்களுடையதல்ல’ என்று அவரும் பந்தாடுவார்கள். வாங்கிய கடை, தேதி, சாப்பிட்ட அளவு, வந்த கோளாறு, மருத்துவமனைச் சீட்டின் நகல் ஆகியவை போதும். மீதிப் பொடியை உறையோடு உங்களிடமே வைத்திருங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம்.

30 நாளில் அசைவில்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: என் புகாரின் பேரில் மாதிரி எடுக்கப்பட்டதா, எந்தத் தேதியில், அறிக்கையின் நகல் எங்கே. ‘ஏன் நடவடிக்கை இல்லை’ என்று கேட்டால், காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று தட்டிக்கழிப்பார்கள்.

பக்கவிளைவை மட்டும் பதிவு செய்ய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. சித்த மருந்தென்றால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் சொல்லலாம். இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுக்குள். கடைக்காரர் பில் தந்திருக்கமாட்டார். செல்போனில் பணம் அனுப்பிய பதிவை அச்செடுத்து மனுவோடு இணையுங்கள்.