மீனா, பானமா? – மொழியியலின் முதலாம் பாடம்



லாச்சப்பலில் எனக்குப் பழக்கமான நண்பர் ஒருவரின் மகள் இந்த வருடம் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். தகப்பனுக்குக் கவலை. “அண்ணை, உதைப் படிச்சால் எத்தனை பாஷை கதைக்கலாம்?” என்று என்னிடம் கேட்டார். ஒரு மொழி எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்கிற படிப்பு அது. பல பாஷை கதைக்கப் பழக்குவது வேறு. நான் கணக்காளன். ஆனாலும் மொழியியலின் முதலாம் பாடத்தை ஒரு குசினியில் படித்திருக்கிறேன்.

பிரான்சுக்கு வந்த புதிதில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினேன். ஒருநாள் சமையற்காரர் ‘புவாசோன்’ எடுத்துவரச் சொன்னார். நான் மீனைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கேட்டதோ குடிபானம்! பிரெஞ்சில் இவை இரண்டு சொற்கள். முதல் ஒலி மட்டுமே வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.

என் காதில் பழுதில்லை. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதலாவது ‘ப’வில் உதடு மூடியிருக்கும்போது தொண்டை அதிர்வதில்லை. இரண்டாவது ‘ப’வுக்குள் முன்னால் நிற்கும் ‘ம்’மின் அதிர்வு நிற்காமல் தொடர்கிறது. சத்தம் இரண்டு, எழுத்து ஒன்று. எங்கே எது வரும் என்பதை இடமே தீர்மானிப்பதால், எங்கள் சொற்களில் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. காதும் அதைக் கவனிக்காமல் விடப் பழகிவிடுகிறது. பிரெஞ்சிலோ அதே வேறுபாடுதான் மீனையும் பானத்தையும் பிரிக்கிறது. இப்படிப் பொருளைப் பிரிக்கும் ஒலியை ‘ஒலியன்’ என்பார்கள்.

‘வால்’, ‘வாள்’ என்று ஒரு பிரெஞ்சுக்காரருக்குச் சொன்னால் அவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் சிலருக்கும் அப்படித்தான். அதற்காக அவர்களை ஏசுவது நியாயமில்லை. ‘தமிழில் எழுத்துக் காணாது’ என்று பிள்ளைகள் சொல்வதும் நியாயமில்லை.

ஒலிகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவதால்தான் மதிப்புப் பெறுகின்றன என்று விளக்கியவர் பெர்டினன்ட் டி சொசூர். சுவிஸ்காரரான இவர் 1881 முதல் 1891 வரை பாரிசில் படிப்பித்தவர். அவருடைய பெயர்பெற்ற நூலை அவர் எழுதவேயில்லை. 1913இல் அவர் இறந்தபின், ஜெனீவாவில் மாணவர்கள் எடுத்த குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டு 1916இல் வெளிவந்தது. (குறிப்பெடுக்கப் பஞ்சிப்படுகிற மாணவர்கள் கவனிக்க!)

தமிழும் இந்த நகரத்து ஆய்வுக்குப் புதிதல்ல. ஜூல் புளோக் 1946இல் திராவிட மொழிகளின் இலக்கண அமைப்புப் பற்றிப் பிரெஞ்சில் நூல் வெளியிட்டார். இனால்கோ நிறுவனத்தில் தமிழ் படிக்கலாம்.

நண்பரின் மகளுக்குப் போன கிழமை ஒரு வீட்டுவேலை: வீட்டார் பேசுவதை அப்படியே ஒலிக்குறிகளில் எழுதவேண்டும். தகப்பனிடம் மேசையில் இருந்ததைக் காட்டி, என்னவென்று சொல்லச் சொன்னாளாம்.

“வாளைப்பளம்” என்றார் அவர்.

அவள் திருத்தவில்லை. கேட்டபடியே எழுதிக்கொண்டாள்.