இ-மெயிலில் போட்டோ: நகலைச் சுருக்குங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்

வீட்டு விசேஷத்தில் எடுத்த பத்துப் போட்டோக்களை வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கு இ-மெயிலில் அனுப்ப நினைக்கிறீர்கள். பத்தையும் அட்டாச் செய்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். நீலக் கோடு ஊர்ந்து கொண்டே இருக்கிறது. கடைசியில் பைல் மிகப் பெரியது என்று ஒரு செய்தி வருகிறது. உடனே இண்டர்நெட் இணைப்பைத் திட்டத் தொடங்குகிறோம். ஆனால் சிக்கல் இருப்பது போட்டோவின் அளவில் தான்.

ஒரு 12 மெகா பிக்ஸல் கேமரா எடுக்கும் படம் அகலத்தில் 4000, உயரத்தில் 3000 பிக்ஸல் கொண்டது. பைல் அளவு 3 முதல் 5 எம்.பி. வரை வரும். பத்துப் படம் என்றால் சுமார் 40 எம்.பி. ஆகிவிடும். ஜிமெயிலில் அட்டாச்மெண்ட்டுக்கு வரம்பு 25 எம்.பி. அதைத் தாண்டினால் பைல்களை கூகுள் டிரைவில் போட்டுவிட்டு ஒரு லிங்க்கை மட்டும் அனுப்புகிறது. படம் எங்கே என்று ஊரிலிருந்து பெரியப்பா போன் செய்வது இதனால் தான்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இ-மெயில் என்பது எழுத்துகளை அனுப்புவதற்காக உருவான முறை. எனவே படம் போன்ற பைல்களை எழுத்துகளாக மாற்றித் தான் அது எடுத்துச் செல்கிறது. பேஸ்64 என்ற இந்த முறையில் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாக மாறும். ஆகவே 20 எம்.பி. படம் வழியில் சுமார் 27 எம்.பி. ஆகிவிடுகிறது. உங்கள் பக்கம் கிளம்பிய மெயில் மறுபக்க சர்வரில் திருப்பி அனுப்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வரம்பு எதுவானாலும் அதில் முக்கால் பங்குக்குள் நிறுத்திக் கொள்வது பாதுகாப்பானது.

சிலர் படங்களை ஸிப் செய்து அனுப்பிப் பார்க்கிறார்கள். பயன் இருக்காது. ஜேபெக் பைல் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதை மேலும் ஸிப் செய்தாலும் அளவு பெரிதாகக் குறையாது. இன்னும் சிலர் வேர்ட் டாகுமெண்ட்டில் படத்தைப் போட்டு, மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்குகிறார்கள். கண்ணுக்குத் தான் சிறிதாகத் தெரியும். உள்ளே பிக்ஸல்கள் அப்படியே இருக்கும். பிக்ஸல் எண்ணிக்கையைக் குறைப்பது தான் சரியான வழி. மானிட்டரில் பார்ப்பதற்கு 1600 x 1200 தாராளமாகப் போதும். பெரும்பாலான லேப்டாப் திரைகளே 1920 x 1080 தான். 4000 x 3000 படத்தை இப்படி மாற்றினால் பிக்ஸல்கள் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். பத்துப் படமும் ஒரே மெயிலில் போய்ச் சேரும்.

எப்படிச் செய்வது என்று பார்க்கும் முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லி விடுகிறேன். 2016ல் எங்கள் தாத்தாவை 16 மெகா பிக்ஸல் கேமராவில் எடுத்த படம் ஒன்று. மெயிலில் அனுப்புவதற்காக அதை 480 x 640 ஆகச் சுருக்கி, அவசரத்தில் கண்ட்ரோல் + எஸ் அழுத்தி விட்டேன். மூலப் படத்தின் மேலேயே சிறிய படம் பதிவாகிவிட்டது. மெமரி கார்டை அதற்கு முன்பே பார்மட் செய்திருந்தேன். மறு வருடம் தாத்தா காலமானார். 12 x 18 அங்குலத்தில் பிரேம் போட வேண்டும் என்று அந்தப் பைலை எடுத்துக் கொண்டு லேபுக்குப் போனேன். "தம்பி, இதை விடப் பெரிய பைல் இல்லையா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். இருந்தால் தானே. நல்ல பிரிண்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வேண்டும் என்பார்கள். என்னிடம் இருந்தது 40 கூட இல்லை. கடைசியில் போஸ்ட்கார்டு அளவில் போட்டுத் தந்தார். பெரிய பிரேமின் நடுவில் சின்னப் படமாக இன்றும் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கித் தரும் ஏ.ஐ. புரோகிராம்கள் இப்போது வந்திருக்கின்றன. ஆனால் அவை தொலைந்த பிக்ஸலை மீட்பதில்லை. இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன. தாத்தா முகத்தில் ஊகம் வேண்டாம் என்று பாட்டி சொல்லி விட்டார்.

எனவே முதல் வேலை, புதிதாக ஒரு போல்டர் உருவாக்கி "மெயிலுக்கு" என்று பெயர் கொடுங்கள். அனுப்ப வேண்டிய படங்களை அதில் காப்பி செய்யுங்கள். கட் வேண்டாம், காப்பி. இனி இந்தப் போல்டரில் மட்டும் தான் வேலை.

ஓரிரு படம் என்றால் விண்டோஸில் உள்ள பெயிண்ட் போதும். படத்தை பெயிண்ட்டில் திறந்து கண்ட்ரோல் + டபிள்யூ அழுத்துங்கள். வரும் விண்டோவில் பிக்ஸல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அகல உயர விகிதத்தைக் காக்கும் அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அத்தை ஒல்லியாகி விடுவார். ஹரிஸாண்டல் கட்டத்தில் 1600 கொடுங்கள். நின்ற வாக்கில் எடுத்த படம் என்றால் வெர்டிகல் கட்டத்தில் கொடுக்க வேண்டும். ஓகே அழுத்திய பின் எப்12 கீயைத் தட்டி வேறு பெயரில் ஜேபெக் ஆகச் சேமியுங்கள்.

படங்கள் நிறைய இருந்தால் இர்பான்வியூ தான் என் தேர்வு. 1996 முதல் இருக்கும் இந்தப் புரோகிராம் வீட்டு உபயோகத்துக்கு இலவசம். திறந்து பி கீயை அழுத்தினால் பேட்ச் கன்வர்ஷன் விண்டோ வரும். படங்களைச் சேர்த்து, அவுட்புட் பார்மட்டாக ஜேபெக்கைத் தேர்ந்தெடுங்கள். அருகிலுள்ள ஆப்ஷன்ஸ் பட்டனில் குவாலிட்டியை 80 ஆக வைக்கலாம். அங்கேயே எக்ஸிப் தகவலை வைத்திருக்கும் டிக்கை எடுத்து விட்டால், எந்த இடத்தில் எடுத்த படம் என்று போன் பதிந்து வைத்த இருப்பிடக் குறிப்பும் போய்விடும். தெரியாதவர்களுக்கு அனுப்பும் போது இதை மறக்க வேண்டாம். பிறகு அட்வான்ஸ்டு பகுதியில் ரீசைஸை டிக் செய்து, நீளமான பக்கம் 1600 பிக்ஸல் என்று அமைத்தால் படுத்த படம், நின்ற படம் இரண்டுக்கும் ஒரே அமைப்பு பொருந்தும். அவுட்புட் போல்டர் மூலப் படங்கள் உள்ள போல்டராக இருக்கக் கூடாது. ஸ்டார்ட் பேட்ச் அழுத்தினால் நூறு படமும் ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும்.

ஐபோனில் உள்ள மெயில் அப்ளிகேஷன், பெரிய படத்தை அனுப்பும் போது ஸ்மால், மீடியம், லார்ஜ், ஆக்சுவல் சைஸ் என்று கேட்கும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் லார்ஜ் கொடுங்கள். அனுப்பப்படுவது நகல் தான், போனில் உள்ள படம் மாறாது.

பெறுபவர் பிரிண்ட் போடப் போகிறார் என்றால் மட்டும் சுருக்க வேண்டாம். மெயிலுக்கு மூன்று படமாகப் பிரித்து அனுப்புங்கள், அல்லது டிரைவ் லிங்க்கைக் கொடுத்துவிட்டு அதைத் திறப்பது எப்படி என்று போனில் சொல்லிக் கொடுங்கள்.