மழை அவிழ்க்கும் மாங்கனீசு

கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏறினால் ஏலக்காய், தாண்டினால் தேயிலை. குட்டிக்கானம் கடந்து முண்டக்கயத்துக்கு இறங்கும்போதுதான் ரப்பர் கண்ணில் படும். 1895 முதல் மலையைத் துளைத்து, கூடலூர்ப் பக்கத்து நம் வயலுக்கு வருவது பெரியாற்றுத் தண்ணீர். அதே பெரியாற்றின் கரையில், தட்டேக்காட்டில்தான் 1902-இல் இந்தியாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் தொடங்கியது. ஆறு ஒன்று, மண்தான் வேறு.

மேற்கே கொட்டும் மழை, மண்ணிலுள்ள சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் காலங்காலமாகக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது இரும்பும் அலுமினியமும் ஏறிய செம்புரை மண். அதன் பி.எச். பெரும்பாலும் 5-ஐ ஒட்டியே நிற்கும். ரப்பருக்கு இந்தப் புளிப்பு ஒத்துப்போகிறது. மாங்கனீசுக்கோ கொண்டாட்டம்!

மாங்கனீசு மண்ணில் பெரும்பாலும் கரையாத கறுப்பு ஆக்சைடாகக் கிடக்கிறது. வேருக்கு அது எட்டாது. அமிலம் கூடினால் கரையும், பி.எச். ஒரு படி இறங்கினால், ஏட்டுக் கணக்கில், கரைவது நூறு மடங்கு வரை ஏறலாம். தண்ணீர் தேங்கினாலும் இதே கதைதான். காற்று கிடைக்காத நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக மாங்கனீசு ஆக்சைடைப் பயன்படுத்தி, அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. முதல் போகத்துக்குத் தண்ணீர் கட்டிய நம் நெல்வயலின் சேற்றிலும் இது நடக்கிறது.

மரத்துக்கு மாங்கனீசு துளியாவது வேண்டும். இலை தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜன் வெளியிடும் இடத்தில் இருப்பவை நான்கே நான்கு மாங்கனீசு அணுக்கள். குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுக்கும். மிஞ்சினால் இரும்பையும் மக்னீசியத்தையும் வேர் எடுப்பது தடைப்படும்.

ரப்பர்க்காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ரப்பர் பாலில் மாங்கனீசு கூடினால் ரப்பரைக் காற்று சீக்கிரம் அரிக்கும். சரக்கு பிசுபிசுத்துப் போகும். செம்பும் இதே வேலையைச் செய்யும். அதனால்தான் செறிவூட்டிய ரப்பர் பாலுக்கான சர்வதேசத் தரம், திடப்பொருளில் கிலோவுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் மாங்கனீசு கூடாது என்கிறது.

ஆக, மண்ணில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு கரைந்து நிற்கிறது என்பதே கேள்வி. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மாங்கனீசு இருந்தும் பயிர் பசியில் வாடும். மண் வள அட்டையில் சோதிக்கப்படும் 12 விவரங்களில் மாங்கனீசும் ஒன்று. உங்கள் அட்டையை எடுத்தால் அந்த வரிக்குப் போகுமுன் பி.எச். வரியைப் பாருங்கள்.