காற்று மாறினால் ஆட்டமும் மாற வேண்டும்

பாய்மரக் காலத்துக் கடற்போரை மேசைமேல் ஆட விதிநூல்கள் பல உண்டு. விரலளவு கப்பல்கள், அளவுகோல், பகடை, சேதத்தைக் குறிக்க ஒரு தாள் போதும். இவற்றுள் பலவும் பீரங்கிக் கணக்குக்கே அதிகப் பக்கங்களைத் தருகின்றன. நம் கரையோரம் நடந்த போர்களை நினைத்தால், அந்த அக்கறை காற்றுக்கும் கட்டளைக்கும் போயிருக்க வேண்டும். 1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி எட்வர்டு ஹியூஸும் ஐந்து முறை மோதினார்கள். முதல் மோதல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால். கடைசி மோதல் கடலூரில். ஐந்திலும் சேர்த்து ஒரு போர்க்கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவுமில்லை. மூழ்கடித்தால்தான் புள்ளி என்ற விதிப்படி இவை ஒன்றுமில்லாத சண்டைகள். ஆனால் 1783 ஜூன் 20 அன்று 15 கப்பல்களோடு சுஃப்ரேன் 18 கப்பல்களை எதிர்த்து நின்றார். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். கடலூரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலப் படை கடல்வழித் துணையை இழந்தது. ஆகவே வெற்றியைக் கரையில் நேர்ந்ததை வைத்தே அளக்க வேண்டும்.

பாய்க்கப்பல் காற்றுக்கு நேர் எதிரே போகாது. வளைந்து வளைந்துதான் முன்னேற முடியும். காற்று வரும் பக்கத்தைப் பிடித்தவனே எப்போது நெருங்குவது என்று தீர்மானிப்பான். அந்தப் பிடியும் நிரந்தரமல்ல. 1782 ஜூலை 6, நாகப்பட்டினம்: இரு வரிசைகளும் சுட்டுக்கொண்டிருந்தபோது நண்பகலுக்குப் பின் காற்று திடீரெனத் திசை மாறியது. சில கப்பல்கள் ஒரு பக்கமும் சில மறுபக்கமும் திரும்ப, இரண்டு வரிசையும் குலைந்தன. காற்றைத் தொடக்கத்தில் ஒருமுறை குறித்துவிட்டு மறந்துவிடும் விதிநூலில் இந்தப் போர் நடக்கவே நடக்காது.

‘காற்றும் மாறும், கப்பல் தலைவர்களும் சொல் கேட்கமாட்டார்கள் என்றால் ஆடுபவரின் திறமைக்கு என்ன வேலை?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சதுரங்கப்பட்டினத்தில் சுஃப்ரேனின் திட்டம் பாதியில் நின்றதற்கு, அவருடைய கப்பல் தலைவர்கள் சிலர் நெருங்கி வராததே காரணம். கட்டளையை முன்கூட்டியே எழுதி வைத்து இருவரும் ஒரே நேரத்தில் திறக்கும் முறை சில விதிநூல்களில் உண்டு. அதோடு, கொடிக்குறி புரியாமல் போகும் வாய்ப்பையும் சேர்த்தால், தவறுக்கு இடம்விட்டுத் திட்டமிடுவதே திறமையாகிவிடும். போரை விளையாட்டாக்கலாமா என்பது இன்னும் கனமான கேள்வி. கடலூரில் ஆள் போதாமல் சுஃப்ரேன் கரைப்படையிலிருந்து சுமார் 1,200 பேரைக் கப்பலேற்றினார். அவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். சேதத் தாளில் மாலுமிகளுக்கென்று தனி வரிசை வைத்து, ஆள் குறையக் குறையக் கப்பல் தளர்வதைக் காட்டும் விதி அவர்களை மறக்க விடாது.

கடலைப் பார்க்காத ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இதை ஆட முடியுமா என்று தயங்க வேண்டாம். கடற்படையில் ஒரு நாளும் பணியாற்றாத ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கிளார்க், மேசையில் சிறு மாதிரிக் கப்பல்களை நகர்த்திப் பார்த்தே 1782இல் கடற்போர் உத்தி பற்றி நூல் எழுதினார். நாகப்பட்டினத்திலிருந்து தொடங்குங்கள்: பக்கத்துக்கு 11 கப்பல்கள், நடுவில் ஒரு காற்று மாற்றம். அம்பத்தூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையே போதும்.