பட்டா லொறியின் முதுகில் கட்டும் பெட்டி எவ்வளவு பாரம்?

அறுகம்பையில் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினால் எமது பிரதேச இளைஞர்கள் சிலர் பட்டா லொறியின் பின்னால் பெட்டி கட்டி, அதற்குள் அடுப்பும் பிரிட்ஜும் வைத்து, கொத்துரொட்டி விற்கக் கிளம்பிவிடுகிறார்கள். ரமழானில் அதே வண்டி சமூசா விற்கிறது. விடுமுறை வந்தால் சட்டி பானையோடு நுவரெலியாவுக்கும் போகிறது. கடன்பட்டு வெளிநாடு போவதை விட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். ஆனால் பெட்டி கட்டுபவர்கள் நிறத்தையும் விளக்கையும் பற்றிப் பேசுகிற அளவுக்கு நிறையைப் பற்றிப் பேசுவதில்லை.

பட்டா என்று நாம் அழைப்பது 2005இல் இந்தியாவில் அறிமுகமான டாட்டா ஏஸ் வண்டியை. அது முக்கால் தொன் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டது. அதாவது 750 கிலோ. 50 கிலோ சீமெந்துப் பக்கெட் 15 வைத்தால் கணக்கு முடிந்தது. உங்கள் வண்டிக்குரிய சரியான எண்ணைப் பதிவுப் புத்தகத்தில் பாருங்கள். மொத்த நிறையிலிருந்து வெற்று நிறையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. அந்த மீதிக்குள் பெட்டியும் அடங்கும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பெட்டியை வண்டியின் பகுதியாகவும், உள்ளே வைப்பதை மட்டுமே சுமையாகவும் நினைக்கிறார்கள்.

அண்மையில் பெட்டி கட்ட நினைத்திருந்த ஒரு தம்பியோடு உட்கார்ந்து உத்தேசமாகக் கணக்குப் பார்த்தோம். இரும்புச் சட்டமும் தகரமும் பலகையும் சேர்ந்து 300 கிலோ. தண்ணீர் 200 லீற்றர், அது அப்படியே 200 கிலோ. இரண்டு காஸ் சிலிண்டர் 55 கிலோ, 12.5 கிலோ என்பது உள்ளே இருக்கும் காஸின் நிறைதான், சிலிண்டரின் இரும்பும் ஏறத்தாழ அதே அளவு வரும். பிரிட்ஜ் 60, கொத்துக் கல்லும் அடுப்பும் 45, பாத்திரங்கள் 60, மாவு, இறைச்சி, சோடா 100. சாரதியும் உதவியாளும் 130. கூட்டினால் 950. இன்னும் ஒரு கதிரை கூட ஏற்றவில்லை, 200 கிலோ கூடிவிட்டது. (பெட்டிக்குள் பிள்ளைகளை இருத்திக் கொண்டுபோவதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது செய்யவே கூடாத வேலை.)

இதற்கு எல்லாரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: "ஸ்பிரிங் தட்டு இரண்டு கூட்டினால் சரி." கூட்டினால் வண்டி தாழாமல் நிமிர்ந்து நிற்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் பிரேக் அதே பிரேக், அச்சு அதே அச்சு, டயரும் அதே டயர். முன்பு வண்டி தாழ்ந்து எமக்கு எச்சரிக்கையாவது தந்தது. இப்போது அதுவும் இல்லை. டயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், அது சுமைக் குறியீடு. 86 என்று இருந்தால் அந்த டயர் தாங்குவது 530 கிலோ, பின் டயர் இரண்டும் சேர்ந்து 1060 கிலோ. காற்றுக் குறைந்தால் அதுவும் இல்லை.

மொத்த நிறை சரியாக இருந்தாலும், பாரத்தை எங்கே வைக்கிறோம் என்ற கேள்வி இருக்கிறது. வகுப்பில் நெம்புகோல் படிப்பிக்கும்போது சொல்லும் அதே கணக்குத்தான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 2 மீற்றர் என்று வையுங்கள். பின் அச்சுக்கு அரை மீற்றர் பின்னால் 200 கிலோ தண்ணீர்த் தாங்கியை வைத்தால், பின் அச்சில் விழுவது 250 கிலோ. முன் சக்கரங்களிலிருந்து 50 கிலோ குறைந்துவிடும். ஸ்டியரிங் திருப்புவது முன் சக்கரம்; அது நிலத்தை இறுக்கிப் பிடிக்காவிட்டால் மழை நாளில் வண்டி சொல்வழி கேட்காது. ஆகவே பாரமானவை பின் அச்சுக்கு முன்னால், தரையோடு தரையாக இருக்க வேண்டும். கூரையில் எதையும் கட்ட வேண்டாம். பெட்டி உயர உயர வளைவில் வண்டி சரியும், கடற்கரைப் பாதையில் காற்றும் தள்ளும். தாங்கியை வெறுமையாகக் கொண்டுபோய், போன இடத்தில் நிரப்பினால் ஒரே அடியில் 200 கிலோ மிச்சம். பாதி நிரம்பிய தாங்கி இன்னும் மோசம், தண்ணீர் உள்ளே அலை அடிக்கும்.

தம்பிலுவிலில் இருந்து பொத்துவில் வரை பாதை மட்டம். கூடுதல் பாரம் அங்கே தன்னைக் காட்டிக்கொள்ளாது. நுவரெலியா போய் எல்ல வழியாக வெல்லவாய இறங்கும்போதுதான் காட்டும். அந்த இறக்கம் ஏறத்தாழ 800 மீற்றர். 1750 கிலோ வண்டியொன்று அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி, 45 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் அந்தச் சூட்டில் பெரும்பகுதியை வாங்குவது பிரேக்தான். சூடு மிஞ்சினால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வது இதனால்தான். சூட்டில் ஒரு பங்கை இஞ்சின் வாங்கிக்கொள்ளும். 2025 செப்டம்பரில் தங்காலை நகர சபை ஊழியர்களோடு போன பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தது இந்தப் பாதையில்தான். அது அதிக பாரத்தால் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இறக்கம் பிழையைப் பொறுக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

பெட்டி கட்டுவதென்றால் வாகனத்தின் வடிவம் மாறுகிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி எடுத்துப் பதிவுப் புத்தகத்திலும் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விபத்தொன்றின் பின்னர் காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

மேலே நான் போட்டது உத்தேசக் கணக்கு. உண்மையை அறிய நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். பெரிய அரிசி ஆலைகளில் நெல் லொறியை அப்படியே ஏற்றி நிறுக்கும் தராசு உண்டு. பெட்டி கட்டிய அன்றே வெறுமையாக ஒருமுறையும், வியாபாரத்துக்குப் போவதுபோல ஆட்களோடு எல்லாம் ஏற்றி ஒருமுறையும் நிறுங்கள். இரண்டாவது முறை, முன் சக்கரங்களை மட்டும் தராசில் ஏற்றி ஓர் எண் எடுங்கள். மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் பின் அச்சின் பாரம் வரும். அதைப் பின் டயர்களின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் முதலில் இறக்க வேண்டியது தண்ணீரை. அடுத்தது இரண்டாவது சிலிண்டரை.