நேர்காணலில் கை ஏன் நின்றுபோகிறது?

2009-ல் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனி. எட்டு வருட அனுபவத்தோடு போயிருந்தேன். எதிரே இரண்டு பேர். ஒருவர் லேப்டாப்பை விட்டு நிமிரவே இல்லை. இன்னொருவர் லிங்க்டு லிஸ்டைத் திருப்பிப் போடச் சொன்னார். போர்டில் இரண்டு வரிதான் எழுதியிருப்பேன், "எட்டு வருஷமா என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?" என்று சிரித்தார். அவ்வளவுதான், கை நின்றுவிட்டது. திரும்பும்போது பஸ் மத்திய கைலாஷ் வருவதற்குள் முழு ப்ரோகிராமும் மனசுக்குள் ஓடி முடிந்துவிட்டது!

நமக்கு ஒன்றும் தெரியாது போல என்று நினைத்து, ஒன்றரை வருடம் வேறெங்கும் விண்ணப்பிக்கவே இல்லை.

பிற்பாடுதான் படித்தேன். சோதனைக்கூடத்தில் மன அழுத்தத்தை வேண்டுமென்றே உண்டாக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துவதே ஒரு நேர்காணலைத்தான். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-ல் வெளியான முறை இது. வேலை கேட்டு வந்தவராக நடித்துப் பேச வேண்டும். பிறகு 1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழிக்க வேண்டும், தப்பினால் முதலிலிருந்து. எதிரே இருப்பவர்கள் சிரிக்கவோ தலையாட்டவோ கூடாது. யாரும் திட்டுவதில்லை. அதற்கே கார்டிசால் இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறுகிறது.

2020-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 48 மாணவர்களிடம் இதை நேரடியாகவே பார்த்தார்கள். கணக்கு ஒன்றுதான். பாதிப் பேர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு விளக்கியபடி போர்டில் எழுத வேண்டும். மீதிப் பேருக்குத் தனி அறையில் போர்டு. ஆள் பார்க்க எழுதியவர்களின் திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. பெண்களில் தனியே எழுதிய அனைவரும் தேறினார்கள். ஆள் முன்னால் எழுதிய ஒருவரும் தேறவில்லை. (எண்ணிக்கை சின்னது, அதனால் இதை ரொம்ப இழுக்கக்கூடாது.)

மூளை ஒரே சமயத்தில் கையில் வைத்துக்கொள்ளக்கூடியது நான்கைந்து விஷயங்கள்தான். லிங்க்டு லிஸ்டைத் திருப்ப மூன்று பாயிண்டர் வேண்டும்: முந்தையது, இப்போதையது, அடுத்தது. மிச்ச இடத்தில் அந்த ஆளின் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டால் கணக்கு எங்கே ஓடும்?

ஆகவே இப்போதெல்லாம் முதல் வேலையாக மூன்று பெட்டி வரைந்து, மண்டையில் இருப்பதைப் போர்டில் இறக்கிவிடுவேன். "ரெண்டு நிமிஷம் பேசாம யோசிச்சுக்கறேன் சார்" என்று கேட்டும்விடுவேன். பெரும்பாலும் தருகிறார்கள். பயிற்சியைத் தனியாகச் செய்தால் பிரயோஜனமில்லை. பார்க்க ஓர் ஆள் வேண்டும். என் மச்சான் வங்கியில் வேலை பார்க்கிறான், கோடிங் ஒரு வரி தெரியாது. அவனை எதிரே உட்காரவைத்து, "மூஞ்சில ஒண்ணும் காட்டாம பாருடா" என்றேன். முதல் நாள் பத்து நிமிடம் வியர்த்தேன். நாலாவது நாள் அவனுக்குத்தான் தூக்கம் வந்தது.

இதெல்லாம் கடினமான கேள்விக்கு. மட்டம் தட்டுவதற்கென்றே உட்கார்ந்திருப்பவரிடம் ஒன்றும் பலிக்காது. அப்படி ஒருவரிடம், "இத்தோட நிறுத்திக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். வாசலில் டீ வாங்கியபோது டம்ளர் ஆடியது. அன்று மாலையே அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன்.