நல்ல முடிக்கு கெரட்டினா? உஷார் தோழிகளே!

2018-ல் மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்ற செய்தி கேரளத்திலிருந்து சென்னை வரை பரவியபோது, பல வீடுகளில் மீன் வாங்குவதே நின்றுபோனது. பிணம் கெடாமல் இருக்கப் பயன்படுத்துகிற மருந்தையா சாப்பிடுவது என்று பதறினோம். அந்த ஃபார்மலினில் இருப்பது ஃபார்மால்டிஹைடு. முடியை நேராக்கும் பல கெரட்டின் கிரீம்களில் வேலை செய்வதும் அதுதான். மீனுக்குப் பயந்த நாம், ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து அதைத் தலையில் தடவிக்கொள்கிறோம். போதாததற்கு அதன் புகையையும் மூச்சில் இழுக்கிறோம்.

முகூர்த்த மாதம் வந்தால் போதும், பார்லர்களில் கெரட்டின் இல்லாத பிரைடல் பேக்கேஜே கிடையாது. மணப்பெண்ணோடு தங்கையும் தோழிகளும் சேர்ந்து பண்ணிக்கொள்கிறார்கள். ஃபேர்வெல் பார்ட்டிக்காக பள்ளி மாணவிகள்கூட அம்மாவை நச்சரித்து அழைத்துப் போகிறார்கள். இவர்களில் பலருக்கு முடியில் எந்தக் குறையும் இல்லை. இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆரோக்கியமான முடிக்கு இந்த சிகிச்சையால் கிடைப்பது சில மாதப் பளபளப்பு மட்டுமே. அதற்காக எதையெல்லாம் பணயம் வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

முடிக்கு சத்து ஏறுகிறதா?

"புரோட்டீன் ஏத்துறோம் மேடம், முடி ஸ்ட்ராங்கா ஆயிடும்" என்றுதான் பார்லரில் சொல்வார்கள். நம் முடியே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனதுதான். ஆனால் தலைக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது. அதற்கு ஊட்டம் கொடுத்து வளர்க்க முடியாது. கிரீமில் உள்ள கெரட்டின் துணுக்குகளில் பெரும்பகுதி முடியின் மேல் படலமாகப் படியும், கொஞ்சம் உள்ளே இறங்கும், குளிக்கக் குளிக்கக் கரைந்துவிடும்.

அப்படியானால் முடி மாதக்கணக்கில் நேராக நிற்பது எப்படி? கிரீமைத் தடவி, காயவைத்து, சுமார் 230 டிகிரி செல்சியஸ் சூட்டில் இஸ்திரி போடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஃபார்மால்டிஹைடு புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, நேராக இழுத்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது. பிணைந்தது போக மீதி வாயுவாகி அறை முழுக்கப் பரவுகிறது. கண் எரிவதும், மூக்கில் நீர் வடிவதும், தொண்டை கமறுவதும் அதனால்தான். "கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கோங்க" என்பார்கள். பொறுக்காதீர்கள். அந்த எரிச்சல் உடம்பு கொடுக்கும் முதல் எச்சரிக்கை.

லேபிளை நம்பலாமா?

"எங்க புராடக்ட்ல ஃபார்மால்டிஹைடே இல்ல" என்ற உறுதிமொழி எவ்வளவு பொய்யாகலாம் என்பதற்கு ஒரு வரலாறே உண்டு. 2010-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பிரேசிலியன் ப்ளோஅவுட் என்ற கிரீமைப் பயன்படுத்திய சலூன் ஊழியர்களுக்குக் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் வந்தன. ஃபார்மால்டிஹைடு இல்லை என்று லேபிளில் அச்சிட்டிருந்த பாட்டில்களை மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை பரிசோதித்தபோது, 6 முதல் 10 சதவிகிதத்துக்கு மேல்வரை ஃபார்மால்டிஹைடு இருந்தது. கனடா அரசின் சோதனையில் 12 சதவிகிதம். அழகுப் பொருளில் பதப்படுத்தியாக அங்கே அனுமதித்த அளவோ வெறும் 0.2 சதவிகிதம். 2011-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்த நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

நிறுவனங்கள் இப்படி நழுவுவதற்கு வேதியியலும் வழிவிடுகிறது. ஃபார்மால்டிஹைடு வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் மெத்திலீன் கிளைக்கால் ஆகிவிடும். பாட்டிலில் அந்தப் பெயரைப் போட்டால் வாங்குகிறவருக்குப் புரியாது. சூடு பட்டதும் அது மறுபடி ஃபார்மால்டிஹைடு வாயுவாகவே கிளம்பும்.

புதிய கிரீம், புதிய ஆபத்து

பயம் பரவியதும் பல நிறுவனங்கள் கிளையாக்ஸிலிக் ஆசிட் கலந்த கிரீம்களுக்கு மாறின. இதையும் பாதுகாப்பானது என்றே விற்கிறார்கள். ஆனால் 2024 மார்ச்சில் பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு 26 வயதுப் பெண்ணைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். 2020, 2021, 2022 என மூன்று முறை அவர் முடியை நேராக்கிக்கொண்டார். மூன்று முறையும் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முதுகுவலி வந்து, சிறுநீரகம் திடீரெனப் பழுதுபட்டது. தலையிலும் புண்கள். இந்த அமிலம் தலைத்தோல் வழியாக ரத்தத்தில் கலந்து ஆக்சலேட்டாக மாறி, சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிகிறது என்று சுண்டெலிகளில் செய்த சோதனை காட்டியது. அதற்கு முன்பே இஸ்ரேலில், முடியை நேராக்கிய பிறகு சிறுநீரகம் பாதித்த 26 பேரை மருத்துவர்கள் பதிவு செய்திருந்தார்கள். அவர்களில் சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது.

ஆகவே இந்த சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாளில் வாந்தி, வயிற்றுவலி, முதுகுவலி, சிறுநீர் குறைவது போன்றவை வந்தால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் போய், தலைக்கு என்ன போட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

புற்றுநோய் பயம் வீணா?

ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதியின் புற்றுநோய், ரத்தப் புற்றுநோய் இரண்டோடும் அதற்குத் தொடர்பு உண்டு.

2022-ல் அமெரிக்காவில் 33,497 பெண்களிடம் செய்த ஆய்வு வெளியானது. வருடத்தில் நான்கு முறைக்கு மேல் முடியை நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய், பயன்படுத்தாதவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. எந்த பிராண்ட், எந்த ரசாயனம் என்று அந்த ஆய்வு பிரித்துப் பார்க்கவில்லை. கெரட்டின்தான் காரணம் என்றும் அது சொல்லவில்லை. ஆனால் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை "டச்அப்" என்று போகிறவர்கள் அந்த எண்ணிக்கைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

நமக்காவது வருடத்தில் சில மணி நேரம். கதவை மூடிய ஏசி அறையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இதைச் செய்துவிடும் பெண்கள் நாள் முழுக்க அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். பலரிடம் சாதாரணத் துணி மாஸ்க்தான். வாயுவை அது தடுக்காது. நாம் வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர்களுக்கும் அவ்வளவு நச்சு குறையும்.

நல்ல முடியும் கெடும்

ஆரோக்கியமான முடியின் மேற்புறச் செதில்கள் ஏற்கெனவே படிந்துதான் இருக்கும். இதில் சரிசெய்ய எதுவும் இல்லை. ஆனால் ஒரே இடத்தில் பல முறை 230 டிகிரி சூடு பட்டால் புரதம் சிதைந்து முடி பலவீனமாகும், பாதியில் ஒடியும். ஈரம் மிச்சமிருந்தால் உள்ளே நீர் கொதித்துக் குமிழிகளே உண்டாகும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்பு வரை உள்ள 60 சென்டிமீட்டர் முடி கெட்டுப்போனால், வெட்டி எறிந்து மறுபடி வளர்க்க ஐந்து வருடம்.

சென்னையின் புழுக்கத்தில் முடி பறக்கிறது, சிக்காகிறது என்பதுதான் குறை என்றால், அதற்குக் கண்டிஷனர் போதும். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவினால் முடியிலிருந்து புரதம் வெளியேறுவது குறையும். விசேஷ நாளுக்கு ப்ளோ ட்ரை செய்துகொள்ளுங்கள்.

இருந்தும் செய்துகொள்வதாக இருந்தால்…

• வேறு டப்பாவில் மாற்றி ஊற்றியதை ஏற்காதீர்கள். கம்பெனி பாட்டிலையே காட்டச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், உரிம எண், உட்பொருள் பட்டியல் இல்லாததைத் தொடவே வேண்டாம்.

• பட்டியலில் ஃபார்மால்டிஹைடு, ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால், கிளையாக்ஸிலிக் ஆசிட் ஆகியவற்றில் எது இருந்தாலும் மறுத்துவிடுங்கள். ஹேர் போடாக்ஸ், நானோபிளாஸ்டியா என்று பெயர் மாறினாலும் பாட்டிலைப் பார்த்தே ஆக வேண்டும்.

• கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆஸ்துமா அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சிறுமிகள்: யாருக்கும் வேண்டாம்.

• கிரீம் தலைத்தோலில் படக் கூடாது. தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள்.

• ஜன்னல் திறந்த, காற்றோட்டமுள்ள அறை இல்லையென்றால் உட்காராதீர்கள்.

பாதியில் கண் எரிந்தாலோ, மூச்சு முட்டினாலோ, தலைத்தோல் காந்தினாலோ உடனே நிறுத்தச் சொல்லி, தலையை அலசிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். பார்லரில் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.